பழமொழி வாய்ப்பூட்டு அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. "நீங்கள் இதுவரை தவறாகப் புரிந்துகொண்ட ஆங்கிலப் பழமொழிகள், இதோ முழு வடிவம்" என்று தலைப்பு. ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை போட்டீர்கள். "இதெல்லாம் இட்டுக்கட்டியது" என்று இரண்டு வரி எழுதினேன். உடனே ஒரு மருமகப்பிள்ளை, "அத்தை, ரிட்டயர் ஆகியும் சிவப்பு மையை விடலையா?" என்று கேட்டான். விடவில்லையப்பா. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் படத்தைத் திருத்திவிடுகிறேன்.

"பிளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்." நீரைவிட இரத்தம் கெட்டி, அதாவது தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். இதற்கு "முழு வடிவம்" என்று அந்தப் படம் சொல்வது, உடன்படிக்கையின் இரத்தம் கருப்பையின் நீரைவிடக் கெட்டி என்பது. அதாவது சொந்தத்தைவிட நட்பே பெரிதாம், பழமொழி தலைகீழாகிவிட்டதாம். பழைய ஆங்கிலப் பழமொழித் தொகுப்புகள் எதிலும் அப்படி ஒரு வடிவம் கிடையாது. வால்டர் ஸ்காட் 1815-இல் எழுதிய நாவலிலும் நாம் இன்று சொல்லும் அதே சொந்தபந்தப் பொருளில்தான் அது வருகிறது.

அடுத்து, ஆர்வம் பூனையைக் கொன்றது என்பது. இதன் பழைய வடிவத்தில் பூனையைக் கொன்றது ஆர்வம் அல்ல, கவலை. பென் ஜான்சனின் 1598-ஆம் ஆண்டு நாடகத்தில் கவலைதான் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகத்திலும் அப்படியே. கவலையின் இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்தது வெகு காலம் கழித்து. "திருப்தி அந்தப் பூனையை மீட்டுவந்தது" என்ற வால் அதற்கும் பிறகு முளைத்தது.

"ஜாக் ஆஃப் ஆல் டிரேட்ஸ்." எல்லா வேலையும் தெரிந்தவன் என்று முதலில் வெறுமனே சொன்னார்கள். எதிலும் தேர்ச்சி இல்லாதவன் என்ற குத்தல் பின்னால் ஒட்டியது. "ஆனாலும் ஒன்றில் மட்டும் தேர்ந்தவனைவிட மேல்" என்பது நம் காலத்தில் ஒட்டிய ஒட்டு.

திருத்தம் முடிந்தது. இப்போதுதான் விஷயத்துக்கே வருகிறேன்.

ஏன் இப்படி வால் ஒட்டுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நாலு வேலை கற்றுக்கொண்ட ஒரு பையனை யாரோ பெரியவர் அந்த ஜாக் பழமொழியைச் சொல்லி மட்டம் தட்டியிருப்பார். அவனுக்கு வலித்திருக்கும். ஆனால் "பழமொழி சொல்லிவிட்டால் முடிந்தது" என்று அவனும் நம்புகிறான். அதனால் சட்டத்தை மீற முடியாதவன் சட்டத்திருத்தம் கொண்டுவருகிற மாதிரி, தனக்குச் சாதகமாக ஒரு வாலை ஒட்டிக்கொள்கிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழமொழியைச் சட்டமாக்கி அவன் வாயைப் பூட்டியவர்கள் மேல்தான் கோபம். அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

1546-இல் ஜான் ஹேவுட் என்பவர் ஆங்கிலப் பழமொழிகளை எல்லாம் திரட்டி ஒரு உரையாடல் நூல் வெளியிட்டார். நான் உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட பல பழமொழிகள் அதில் உண்டு. அந்த நூலின் கதை என்ன தெரியுமா? ஒரு வாலிபன் யோசனை கேட்டு வருகிறான். பணமில்லாத இளம்பெண்ணைக் கட்டுவதா, பணக்கார வயதான விதவையைக் கட்டுவதா என்பது அவன் குழப்பம். இரண்டு பக்கத்துக்கும் பழமொழிகள் வந்து விழுகின்றன. கடைசியில் உதாரணமாகச் சொல்லப்படும் இரண்டு கல்யாணமும் உருப்படவில்லை! பழமொழிகளைத் திரட்டியவருக்கே அது தீர்ப்பு சொல்லாது என்று தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

"பல கை சேர்ந்தால் வேலை சுலபம்" என்றும் ஆங்கிலத்தில் உண்டு. "சமையல்காரர் அதிகமானால் கஞ்சி கெடும்" என்றும் உண்டு. "குதிக்கும் முன் பார்" என்பார்கள். "தயங்கியவன் தோற்றான்" என்றும் அவர்களே சொல்வார்கள். எது சரி? இரண்டும் சரி, இடத்தைப் பொறுத்து. களை எடுக்கப் பத்துப் பேர் வேண்டும். குழம்புக்கு உப்புப் போட ஒருத்தர் போதும். இதை நான் வகுப்பில் சொல்லித்தரவே இல்லை. "பொருத்துக" போட்டு மார்க் கொடுத்ததோடு சரி.

வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயப்போடு என்ற பழமொழியை நடத்தியபோது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "வெயில் தினமும்தானே அடிக்குது டீச்சர், எதுக்கு அவசரப்படணும்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "குடுத்ததை எழுது" என்று உட்காரவைத்தேன். எவ்வளவு நல்ல கேள்வி அது! இங்கிலாந்தில் கோடையிலும் எந்த நேரம் மழை வரும் என்று சொல்ல முடியாது. வெட்டிப் போட்ட புல் நனைந்தால் அழுகும். குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீனி இல்லை. அதனால் அந்த ஊர் விவசாயி வெயிலுக்குக் காத்திருந்தான். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. களத்தில் நெல் தூற்றக் காற்றுதான் வேண்டும். அதனால் நாம் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றோம். அந்தக் குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லியிருந்தால் ஒரே பீரியடில் புவியியலும் விவசாயமும் ஆங்கிலமும் முடிந்திருக்கும்.

இது போகட்டும். இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு.

விடியலில் எழும் பறவைக்கே புழு கிடைக்கும் என்று ஏழாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் அன்றைக்கும் தாமதமாக வந்தான். அந்த வாரத்தில் மூன்றாவது முறை. பழமொழியைக் காட்டி, "இதைப் படி" என்றேன். படித்தான். கையை நீட்டச் சொன்னேன். பிரம்பால் நாலு அடி. அவன் ஒன்றும் பேசவில்லை. இடைவேளையில் பக்கத்துப் பெஞ்ச் பையன் வந்து சொன்னான், "டீச்சர், அவன் காலையில நாலரைக்கே எழுந்து பேப்பர் போடுறான். சைக்கிள் பஞ்சர்."

அந்த வகுப்பில் விடியலில் எழுந்த பறவை அவன் ஒருவன்தான். அவனைத்தான் அடித்தேன், அந்தப் பழமொழியைச் சொல்லியே.

அப்போது எனக்குத் துணைக்கு இன்னொரு பழமொழி இருந்தது. பிரம்பை விட்டால் பிள்ளை கெடும். நம்மிடமும் "அடியாத மாடு படியாது" உண்டு. அந்த ஆங்கில வாக்கியத்தின் கருத்து பைபிளின் நீதிமொழிகளில் இருந்து வந்தது. ஆனால் அதே சொற்களில் அதைப் பிரபலமாக்கியது சாமுவேல் பட்லர் 1660-களில் எழுதிய ஒரு கேலிக் காவியம். அங்கே அந்த வரி குழந்தை வளர்ப்பைப் பற்றியதே அல்ல. தன்னைக் காதலிப்பதாகச் சொல்லும் வீரனிடம், "அப்படியானால் சவுக்கடி பட்டு நிரூபி" என்று ஒரு சீமாட்டி நக்கல் செய்யும் இடம் அது! அந்த வரியைத்தான் வேதவாக்காக நினைத்து நான் பிரம்பைத் தூக்கினேன்.

"நீங்க அடிச்சதாலதான் டீச்சர் நான் இன்னைக்கு நல்லா இருக்கேன்" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். கல்யாண வீடுகளில் சந்திக்கும்போதெல்லாம் சொல்கிறீர்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். நல்லா இருக்கிறவர்கள்தான் என்னைத் தேடி வருகிறீர்கள், இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள். அடிக்குப் பயந்து எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் எனக்கு லைக் போட வருவதில்லை. அவர்கள் சாட்சி சொல்லாத வழக்கில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். நீங்கள் நல்லா இருப்பது உங்கள் உழைப்பால். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் குழந்தைகளை அடிப்பதையும் மனதை வதைப்பதையும் தடை செய்தது. சட்டம் வருவதற்கு முன்பே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பிச்சைக்காரன் தேர்ந்தெடுக்க முடியாது, தானமாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே. இரண்டும் ஹேவுட் தொகுப்பில் உள்ளவைதான். ஒரு வருடம் அரசு கொடுத்த இலவசச் சீருடை ஒரு பெண்குழந்தைக்குத் தொளதொளவென்று இருந்தது. மாற்றித் தர முடியுமா என்று அவள் அம்மா வந்து கேட்டார். அவர் போனபிறகு ஆசிரியர் அறையில் ஒருவர் இந்தப் பழமொழியைச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சீருடை யார் வீட்டுத் தானம்? அந்த அம்மா வாங்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டிய வரியும் அதில் இருக்கிறதே! உரிமையாக வந்ததைப் பிச்சையாக்கிவிட்டது அந்த ஒரு வாக்கியம்.

பழமொழியை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். இந்தப் பழமொழியை எந்தப் பிச்சைக்காரரும் சொல்வதில்லை. வாசலுக்கு உள்ளே நிற்பவர்தான் சொல்கிறார்.

பழமொழிகளை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அவை உயிர். ஆனால் வீட்டில் பிள்ளை ஏதாவது கேட்கும்போது, வேறு படிப்பு, வேறு வேலை, "இந்த வரன் வேண்டாம்" என்று எதுவாக இருந்தாலும், பதிலுக்கு உங்கள் வாயில் ஒரு பழமொழி வந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அதற்கு எதிரான பழமொழி ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். கண்டிப்பாக இருக்கும். பிறகு பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பேப்பர் போட்ட என் மாணவனே, உன் பெயரை இங்கே எழுத மாட்டேன். உனக்குத் தெரியும். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இன்று கேட்கிறேன். நீ பதில் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வாயை அடைத்த பழமொழி எது, சொன்னது யார்? கீழே எழுதுங்கள். சொன்னது நானாக இருந்தாலும் எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்