குந்தவையின் காதலும் குந்தவையின் கல்லும்

அண்மையில் திருவண்ணாமலைத் தேரடித் தெருவில், நூற்பற்றுடைய இளைஞர் சிலர் ‘பொன்னியின் செல்வன்’ புதினத்தைப் பற்றிச் சொற்போர் நிகழ்த்தக் கேட்டோம். குந்தவை வந்தியத்தேவன்மேல் கொண்டது காதலா, அரசியற் கணக்கா? நந்தினி கொடியவளா, கொடுமைக்கு ஆளானவளா? மணிமேகலை ஏன் அவ்வாறு மாள வேண்டும்? வழக்கு முடிந்தபாடில்லை. 2022-இலும் 2023-இலும் திரைப்படமாக வெளிவந்தபின், நூலைத் தொடாதார் இல்லங்களிலும் இவ்வழக்குப் புகுந்துவிட்டது.

இதனை நாம் இகழவில்லை. 1950 முதல் 1954 வரை கிழமை இதழில் தொடராக வந்தபோதே படிப்போர் இவ்வாறுதான் மல்லுக்கு நின்றனர். கதை சட்டென முடிந்துவிட்டதே, இன்னார் பின்னர் என்ன ஆயினர் என்று அவர்கள் எழுப்பிய வினாக்களுக்குக் கல்கி தம் முடிவுரையிலேயே விடை கூற வேண்டியதாயிற்று. தமிழன் தன் மன்னரைப் பற்றி ஊணுறக்கம் மறந்து பேசுவது நன்றே!

ஆனால் அவ்விளைஞருள் ஒருவர், “நந்தினியைப் பற்றிய கல்வெட்டு எவ்வூரில் உள்ளது?” என்று மெய்யாகவே வினவினார். அங்குதான் நாம் திடுக்கிட்டோம். நந்தினி முழுப் புனைவு, பூங்குழலியும் அவ்வாறே. குந்தவையாரும் வந்தியத்தேவரும் வாழ்ந்தவர்கள். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டு, குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றே குறிக்கின்றது. ஆயின் அவர்கள் நோக்கியதும் நாணியதும் எக்கல்லிலும் இல்லை.

பழந்தமிழர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியர் வரம்பு கட்டினார். காதல் எல்லார்க்கும் பொது. பெயரும் அருஞ்செயலும் புறத்திற்குரியன. வரலாற்றுப் புதினமோ புறத்தின் பெயர்களை எடுத்து, அகத்தின் உணர்ச்சிகளை அவற்றிற்கு உடுத்துகின்றது. அதன் சுவையும் அதுவே. அதன் இடரும் அதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அருஞ்செயல் ஆற்றிய ஒரு பெண்ணை, அவள் எவனைக் காதலித்தாள் என்னும் ஒன்றைக் கொண்டே நாம் எடைபோடத் தொடங்கிவிடுகின்றோம்.

புதினம் இல்லையேல் குந்தவை என்னும் பெயரையே எத்துணைப் பேர் அறிவர் என்பார் உளர். மெய்தான். ஆயினும் வாயிலில் நின்றவன் வீட்டைக் கண்டவன் ஆகான்.

“குந்தவையார் பெயர் தாங்கிய கோயில் நம் மாவட்டத்திலேயே உள்ளது, கண்டதுண்டா?” என்று அவ்விளைஞரை வினவினோம். ஒருவரும் கண்டிலர்! போளூரை அடுத்த திருமலையில் உள்ளது அச்சமணக் கோயில். ‘குந்தவை சினாலயம்’ என்று கல்வெட்டு அதனை வடசொல்லால் வழங்குகின்றது. அம்மலையில் ஏறத்தாழ 16 அடி உயர நேமிநாதர் உருவம் நிற்கின்றது. முதலாம் இராசேந்திரனின் கங்கை வெற்றியைக் கூறும் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் அங்கேதான் உள்ளது. அதே கல்லில், சாமுண்டப்பை என்னும் வணிகன் மனைவி அக்கோயில் விளக்கிற்குப் பொருள் கொடுத்த செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளது. பேரரசன் படையெடுப்புக்கும் ஓர் எளிய பெண்ணின் விளக்குக்கும் ஒரே கல்லில் இடமளித்தது அக்காலம்! சாமுண்டப்பையை எந்தப் புதினம் பாடியது?

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்குமாக மூன்று கோயில்கள் எடுப்பித்தவரும் குந்தவையாரே. தஞ்சையில் தந்தை சுந்தரசோழன் பெயரால் மருத்துவச் சாலைக்குக் கொடை தந்தவரும் அவரே. சிவநெறிக் குடியிற் பிறந்து பிற நெறியார்க்கும் கைகொடுத்த அந்நெஞ்சத்தைப் பற்றி அன்றோ நாம் சொற்போர் நிகழ்த்த வேண்டும்?

புதினம் படியுங்கள், கதைமாந்தர்க்காகக் கண்ணீரும் விடுங்கள். பெண்மகவு பிறந்தால் நந்தினியை விடுத்துப் பூங்குழலி என்றே பெயரிடுங்கள். புனைவாயினும் அது தூய தமிழ்ப்பெயர். ஆனால் நூலை மூடியபின் கல்லைத் தேடிச் செல்லுங்கள். அடுத்த சொற்போரைத் திருமலை அடிவாரத்தில் நிகழ்த்துவோம், வாருங்கள்!