மஹியாவையும் காணியுரிமையும்

மலையக மக்களின் காணியுரிமை பற்றிப் பேசப்படும்போதெல்லாம் மடுல்கெல்ல, பன்வில போன்ற பகுதிகளின் தோட்ட லயன்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் கண்டி மாநகர எல்லைக்குள்ளேயே, கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் பாதையை ஒட்டிய மஹியாவைக் குன்றிலும் அதே லயன் வாழ்க்கை தலைமுறைகளாகத் தொடர்கிறது. இதனை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை.

1865ஆம் ஆண்டின் மாநகர சபைச் சட்டத்தையடுத்துக் கண்டிக்கு நகர நிர்வாகம் கிடைத்தது. வடிகால்களையும் மலசலகூடங்களையும் துப்புரவு செய்ய ஆட்கள் தேவைப்பட்டனர். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய ஆங்கிலேயர், இதற்கும் தென்னிந்தியத் தமிழரையே நாடினர். அவர்களுக்கு வழங்கப்பட்ட குடியிருப்பு, தொழிலோடு பிணைக்கப்பட்டது. வீட்டை இழக்காதிருக்க மகனும் தந்தையின் தொழிலையே ஏற்க வேண்டியதாயிற்று. தோட்ட லயனுக்கும் நகர லயனுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

இன்று இக்குன்றில் தமிழரோடு முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். சிறுவர்கள் இரு மொழிகளையும் சரளமாகப் பேசுகின்றனர். கண்டி மன்னர் காலத்திலேயே வர்த்தகராகவும் வைத்தியராகவும் முஸ்லிம்கள் இடம்பெற்றிருந்த நகரம் இது. 1915ஆம் ஆண்டுக் கலவரம் மூண்டதும் இந்நகரில்தான். 2018 மார்ச்சில் திகனையில் பற்றிய தீ கட்டுகஸ்தோட்டை வரை பரவியதையும் மறப்பதற்கில்லை.

எனினும், வன்முறைக்கு அஞ்சும் நாம், அன்றாட அவமதிப்பைக் கண்டுகொள்வதில்லை. மஹியாவை என்ற முகவரியை வேலை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கும் இளைஞர் உண்டு. நகரைத் துப்புரவு செய்பவரைத் தாழ்வாக நோக்கும் சாதிப் புத்தி பெரும்பான்மையினத்தவரின் தனிச்சொத்தன்று. தமிழர்களாகிய நாமே அதில் முதற்பங்காளிகள். இந்தப் பெயரைக் கேட்டதும் முகஞ்சுளிக்கும் வர்த்தகர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களையும் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கு வாக்குரிமைக்கு வழி திறந்தது. காணியுறுதி மட்டும் வரவில்லை. தோட்டங்களுக்காவது ஏழு பேர்ச், பத்து பேர்ச் என்ற வாக்குறுதிகள் உண்டு. நகரத் தொழிலாளர்க்கு அத்தகைய வாக்குறுதிகூட அரிது.

2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டச் சரிவுகளைப் பெயர்த்த பின்னர் இக்கேள்வி அவசரமாகிவிட்டது. சரிவில் வாழ்பவரை வேறிடத்தில் குடியேற்றும்போது, உறுதியில்லாதவரின் இழப்பை அதிகாரிகள் எதை வைத்து மதிப்பிடுவர்? கண்டி மாநகர சபை தனது குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, பாதுகாப்பான நிலத்தில் குடும்பங்களின் பெயரிலேயே உறுதிகளை வழங்க வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்னர் இதனைத் தொடங்க முடியும்.