பிரேக்கின் ஆயுள்

நந்தனம் சிக்னலில் சிவப்பு விளக்கு விழுகிறது. சைதாப்பேட்டைப் பக்கமிருந்து வரும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அவற்றில் ஒரு கார் மட்டும் 'கிறீச்' என்று கத்திக்கொண்டு நிற்கிறது. முன்னால் ஸ்கூட்டரில் இருப்பவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். காருக்குள் இருப்பவருக்கோ அது பழகிப்போன சத்தம்!

"பிரேக் பேடு எத்தனை கிலோமீட்டர் வரும்?" என்று கார் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே சரியல்ல என்பது நமது கருத்து.

பிரேக்கை அழுத்தினால், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. காரின் வேகம் அங்கே சூடாக மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் பேடு சிறிது தேய்கிறது, தட்டும் தேய்கிறது. ஆகவே, எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட, எத்தனை தடவை நிறுத்தினோம் என்பதே முக்கியம். வேகமும் முக்கியம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்துவதைவிட, 60-ல் வரும் காரை நிறுத்தும்போது உண்டாகும் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு!

தாம்பரம் தாண்டித் திண்டிவனம் வரை நிற்காமல் போகிற காரும், தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே நின்று நின்று ஊர்கிற காரும் ஒரே கிலோமீட்டர்க் கணக்கைக் காட்டலாம். ஆனால் இரண்டின் பிரேக்கும் ஒன்றாகுமா?

பேடு சாதாரணமாக 30,000 முதல் 60,000 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். நகரத்துக்குள்ளேயே ஓடும் கார்களில் அதற்கு முன்பே தீர்ந்துவிடுவதும் உண்டு. இரண்டு ஜோடி பேடு தேயும் வரை தட்டு தாங்கலாம். இவையெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் காரின் கணக்கு, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

புதுப் பேடு சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டராகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். தட்டு எவ்வளவு தேயலாம் என்பதைப் பெரும்பாலும் தட்டிலேயே பொறித்திருப்பார்கள். மழையில் நின்ற கார் காலையில் சிறிது உரசினால் பயமில்லை, அது துரு. நான்கைந்து முறை பிரேக் போட்டால் போய்விடும். நாள் முழுவதும் கத்தினால் அது எச்சரிக்கை! அதையும் கேளாமலிருந்தால் இரும்போடு இரும்பு உரசித் தட்டும் பாழாகும். பேடோடு முடியவேண்டிய செலவு பல மடங்காகும். சமயத்தில் கார் நிற்காமலும் போகும்.

சத்தத்தை முதலில் கேட்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பவர் முதலாளி. அவருக்கு ஒன்று சொல்வோம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் குற்றவாளியாகக் கருதவில்லை. பழுது தெரிந்தும் ஓட்டவிடுபவரும் குற்றவாளியே. சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றமே!

நல்ல சாமானுக்கு நமக்குப் பஞ்சமில்லை. பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா முதலாக, பிரேக் தொழில் நம் சென்னையிலேயே வளர்ந்திருக்கிறது. பஞ்சம் கவனத்துக்குத்தான்.

பட்டறைக்காரர்கள் சர்வீஸ் பில்லில், பேடு எத்தனை மில்லிமீட்டர், தட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதித் தரவேண்டும். மாற்றினால் பழைய பேடைக் கையில் கொடுக்க வேண்டும். கார்க்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். டிரைவர் சொன்னால் அன்றே கவனிக்க வேண்டும்.

சிக்னல் விழுந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். வருகிற கார் நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத் தேயவிடக் கூடாது!