எழுதுகோலுக்குச் சான்று கேட்கும் அஞ்சலகம்

அஞ்சலகத்திற்குச் செல்கிறோம். கடிதத்தை உறையிலிட்டு, அஞ்சல் தலை ஒட்டி நீட்டுகிறோம். வாங்க வேண்டிய அலுவலரோ, "இதை எழுதிய எழுதுகோலை எந்தக் கடையில் வாங்கினீர்? அதன் எண் என்ன?" என்று வினவுகிறார். எண்ணைக் கூறுகிறோம். ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இஃது எங்கள் கடையில் விற்றதன்று, ஆகவே உம் கடிதம் போகாது" என்கிறார். கடிதத்தில் குற்றமில்லை, முகவரியில் பிழையில்லை, எழுதியவர் யார் என்பதிலும் ஐயமில்லை. கை பிடித்த கோல் ஒன்றே குற்றவாளி! இப்படியும் ஓர் அஞ்சலகம் இருக்குமா என்று நீங்கள் நகைக்கலாம். இருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் அதன் வழியாகத்தான் நாளும் பேசிக்கொள்கின்றனர். அதன் பெயர் ஐமெசேஜ்.

ஆப்பிள் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ஐபோன்களுக்கென இச்செய்திச் சேவையைத் தொடங்கிற்று. 2012இல் அது மேக் கணினிகளுக்கும் வந்தது. அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி இடையில் எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்யப்பட்ட சேவை அது. அதன் தரத்தை நான் குறை கூறவில்லை. அதன் வாயிற்காவலைத்தான் குறை கூறுகிறேன்.

அந்தக் காவலின் இயல்பை முழுமையாக உணர்ந்தவர்கள், கணினியைத் தம் கையாலேயே கூட்டிக்கொண்டவர்கள். 2005 ஜூன் மாதத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தவாறு, 2006 முதல் மேக் கணினிகள் இன்டெல் சில்லுகளோடு வெளிவந்தன. அதுவரை மேக்கிற்கும் ஏனைய கணினிகளுக்கும் இடையே இருந்த உள்ளுறுப்பு வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது. ஆர்வலர் சிலர் கடைகளில் தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு என்று உறுப்பு உறுப்பாக வாங்கி இணைத்து, அதில் மேக் இயங்குதளத்தை ஏற்றிக் காட்டினர். அத்தகைய கணினிக்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர் வழங்கலாயிற்று. அதை எழுப்பிவிடும் தொடக்க நிரல்களையும் அவர்களே எழுதினர். பல ஆண்டுகள் குளோவர் என்ற நிரலும், 2019க்குப் பின் ஓப்பன்கோர் என்ற நிரலும் கைகொடுத்தன. விலை ஒரு காரணம். விரும்பிய உறுப்பை விரும்பிய காலத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்பது மற்றொரு காரணம். எப்படித்தான் இயங்குகிறது என்று திறந்து பார்க்கும் ஆவல் இவ்விரண்டினும் பெரிய காரணம். (அந்த இயங்குதளத்தில் தமிழைக் காட்டும் 'இணைமதி' எழுத்துருவை வடித்தவர் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் என்பதை மாணவர்கள் அறிந்து வைத்திருத்தல் நன்று.)

இயங்குதளம் ஏறிவிடும். படம் தெரியும், ஒலி கேட்கும், இணையமும் கிட்டும். ஐமெசேஜ் மட்டும் வாய் திறவாது. சரியான கணக்கு, சரியான கடவுச்சொல் இரண்டும் கொடுத்தாலும் கதவு திறவாது. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து இன்ன குறியீட்டைக் கூறுக என்ற அறிவிப்புத் திரையில் தோன்றும். காரணம் யாது? சேவையகம் ஆளை மட்டும் கேட்பதில்லை, பொறியையும் கேட்கிறது. கணினியின் வரிசை எண் ஒன்று. தாய்ப்பலகைக்கென்று தனியே அமைந்த எண் ஒன்று. பெரும்பாலும் வலையமைப்பு அட்டையின் முகவரியாக அமையும் ஆறு பைட் அளவுள்ள 'ரோம்' எண் ஒன்று. அமைப்பு முழுமைக்குமான அடையாள எண் ஒன்று. இந்நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கணினியை அணைத்து மீண்டும் எழுப்பினாலும் மாறாமல் நிற்க வேண்டும். வலையமைப்பு முனை, வெளியிலிருந்து செருகியதாகத் தோன்றாமல், உடன்பிறந்த உறுப்பாகவே தோன்ற வேண்டும். ஒரு தாய்க்குப் பிறந்த நால்வர் என்று நான்கு எண்களும் சாட்சி சொன்னால்தான் உங்கள் வணக்கம் உங்கள் நண்பரைச் சென்று சேரும்.

கூட்டியவர்கள் சோர்ந்துவிடவில்லை. 2010 முதல் வழங்கிய பன்னிரண்டு எழுத்து வரிசை எண்ணில் ஆலை, ஆண்டு, வாரம், கணினி வகை ஆகியவை பொதிந்திருந்தமையை ஆய்ந்து, அதே இலக்கணத்தில் புதிய எண்களைப் படைக்கும் சிறு நிரல்களை எழுதினர். யாப்பு அறிந்தவன் வெண்பா எழுதுவதைப் போல் என்று சொல்லத் தோன்றுகிறது. படைத்த எண்ணை அப்படியே பயன்படுத்திவிடவும் இல்லை. ஆப்பிளின் உத்தரவாதப் பக்கத்தில் அதை இட்டுப் பார்ப்பர். "இவ்வெண் செல்லாது" என்று விடை வந்தால் மகிழ்வர். எவரோ ஒருவர் வாங்கிய கணினியின் விவரம் வந்தால் அதை விட்டுவிட்டு வேறோர் எண்ணைத் தேடுவர். செல்லாது என்ற சொல்லைக் கேட்டு மகிழ வேண்டிய நிலைக்கு மனிதனை இழுத்து வந்த ஏற்பாட்டை என்னென்பது!

"இது திருட்டன்றோ?" என்று வினவுவார் உளர். வினா நேர்மையானது, நழுவாமல் விடை கூற வேண்டும். ஆப்பிள் முத்திரையுடைய கணினிகளில் மட்டுமே இயங்குதளத்தை நிறுவலாம் என்று உரிம ஒப்பந்தம் கூறுகிறது. அதை மீறியே ஹேக்கின்டாஷ் எழுகிறது. இதை மறைப்பதில் பயனில்லை. சைஸ்டார் என்ற நிறுவனம் இத்தகைய கணினிகளைச் செய்து விற்றபோது, 2008இல் ஆப்பிள் வழக்கிட்டது; 2009இல் வென்றது; 2011இல் மேல்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை நிலைநிறுத்திற்று. அத்தீர்ப்பின் மேல் எனக்குக் காழ்ப்பில்லை. பிறர் ஆக்கியதைப் பெட்டியில் அடைத்து விற்றுப் பொருளீட்டுவது வேறு. தன் மேசைமேல் தன் கையால் கூட்டிப் பார்ப்பது வேறு. ஒப்பந்த மீறலுக்கு ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. அதற்குத் தண்டனையாக ஒருவனது கடிதத்தை மறிப்பது எந்த அறத்தில் சேரும்? வீட்டு வாடகைத் தகராற்றிற்காகத் தெருக்குழாயை அடைப்பதற்கு ஒப்பானது அது.

என் பக்கத்தாரிடமும் குறை உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். எண்ணைப் படைக்கும் உழைப்பிற்கு மடி கொண்டு, எவரோ வெளியிட்ட அமைப்புக் கோப்பை எண்ணோடு சேர்த்துப் படியெடுத்தவர்கள் பலர். ஒரே எண் பல கணினிகளில் தலைகாட்டவே, அத்தனையும் ஒருசேரத் தடைப்பட்டன. அஃது அவர்கள் தேடிக்கொண்ட வினை. இன்னும் சிலர், பிறர் விலை கொடுத்து வாங்கிய உண்மையான கணினியின் எண்ணையே எடுத்தாண்டனர். இதை நான் மன்னிக்க மாட்டேன். ஒருவருக்கும் உரியதல்லாத எண்ணை இட்டுக்கொள்வது புனைபெயரில் எழுதுவதைப் போன்றது. அயலான் எண்ணை இட்டுக்கொள்வது அவன் கையொப்பத்தைத் திருடுவது. தடை வந்தால் அது விழுவது குற்றமற்ற அந்த அயலான்மேல். எந்தப் பொறியையும் திறந்து பாருங்கள் என்று மாணவர்க்குச் சொல்லும் நானே, பிறன் எண்ணைத் தொடாதீர்கள் என்றும் சொல்கிறேன்.

அடுத்து, காவலுக்கு நிறுவனம் கூறும் நியாயத்திற்கு வருவோம். "எண் கேட்காவிட்டால் வேண்டாத விளம்பரம் அனுப்புவோரும் மோசடிக்காரரும் ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்குகளைத் திறந்துவிடுவர்" என்பது அது. இதில் பாதி உண்மை உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றைப் பிணையாகக் கேட்டால் மோசடிக்காரன் தயங்குவான். ஆயினும் அந்தப் பிணை ஒரே கடையில் விற்கும் பொருளாகத்தான் இருக்க வேண்டுமோ? சிக்னல் என்ற சேவையைப் பாருங்கள். அதுவும் இடையில் எவரும் படிக்க இயலாத மறையாக்கம் உடையது. பதிவிற்கு ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்கிறது. கணினியை எவர் செய்தார், எங்கு வாங்கினீர் என்று கேட்பதில்லை. விண்டோஸிலும் இயங்குகிறது; லினக்ஸிலும் இயங்குகிறது; மேக்கிலும் இயங்குகிறது. மறையாக்கத்திற்கும் வரிசை எண்ணிற்கும் இன்றியமையாத உறவு ஒன்றும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

பின் எதற்காக இத்தனை காவல்? நிறுவனத்தார் தமக்குள் எழுதிக்கொண்டவையே விடை கூறுகின்றன. எபிக் கேம்ஸ் தொடுத்த வழக்கில் 2021ஆம் ஆண்டு வெளிவந்த ஆவணங்களுள், ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரேக் ஃபெடரிகி எழுதிய மின்னஞ்சல் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டிற்கும் ஐமெசேஜ் தந்தால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி வாங்கிக் கொடுப்பதற்கு இருக்கும் தடை நீங்கிவிடும் என்பது அவர் கவலை. அதனால் நன்மையைவிடத் தீமையே நமக்கு மிகும் என்று ஃபில் ஷில்லரும் எழுதினார். 2022இல் ஒருவர் தம் தாய்க்குக் காணொளிகளைச் செவ்வனே அனுப்ப முடியவில்லை என்று பொது மேடையிலேயே முறையிட்டபோது, தலைவர் டிம் குக் அளித்த விடை: "அம்மாவுக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள்." அரங்கில் சிரிப்பொலி எழுந்ததாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாய்க்கும் மகனுக்கும் இடையில் நின்றுகொண்டு சுங்கம் கேட்பவனின் விடை அது.

2023 டிசம்பர் 5ஆம் நாள் பீப்பர் மினி என்ற செயலி வெளிவந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலிருந்தே ஐமெசேஜ் அனுப்ப அது வழி செய்தது. அந்த வழியை ஆய்ந்து கண்டவர் பதினாறு வயதுடைய பள்ளி மாணவர் ஒருவர். மூன்றாம் நாளே ஆப்பிள் வழியை அடைத்தது. போலிச் சான்றுகளைப் பயன்படுத்தும் உத்திகளிலிருந்து பயனரைக் காத்ததாக அறிக்கையும் விட்டது. பீப்பர் மீண்டும் முயன்றபோது எதை நாடிற்று தெரியுமா? மேக் கணினிகளின் பதிவு விவரங்களை! ஹேக்கின்டாஷ் கூட்டியவர்கள் பத்தாண்டாகத் தட்டிய அதே கதவுதான். அம்முயற்சியும் முறியடிக்கப்பட்டு, மாதம் முடியுமுன் பீப்பர் ஒதுங்கிற்று. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மேல் தொடுத்த முற்றுரிமை வழக்கில் இச்செய்திச் சேவையும் பேசப்படுகிறது. அவ்வாண்டின் செப்டம்பரில் ஆர்.சி.எஸ். என்ற பொதுமுறையை ஐபோன் ஏற்றது உண்மை. ஆனால் முதலில் வந்தபோது, ஆண்ட்ராய்டிற்கும் ஐபோனிற்கும் இடைப்பட்ட அச்செய்திகளுக்கு மறையாக்கம் இல்லை. கதவைத் திறந்தார்கள், தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டார்கள்.

இன்டெல் மேக்குகளின் காலமும் முடிகிறது. 2020இல் தொடங்கிய மாற்றத்தால் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறிவிட்டது. 2025இல் வெளிவந்த டாஹோ என்ற பதிப்பே இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு என்றும் அறிவித்துவிட்டது. புதிய பொறிகளில் அடையாளம் சில்லின் உள்ளேயே பதிக்கப்படுகிறது. இலக்கணம் கற்று அதைப் படைத்தல் இயலாது. கையால் கூட்டியவர்களின் கதை இத்துடன் அடங்கிவிடலாம். அவர்கள் எழுப்பிய வினா அடங்கவில்லை.

2010இல் ஃபேஸ்டைமை அறிமுகம் செய்த ஸ்டீவ் ஜாப்ஸ், அதை எவரும் பயன்படுத்தும் பொதுத் தரமாக ஆக்குவோம் என்று மேடையில் வாக்களித்தார். அவ்வாக்கு நிறைவேறவில்லை. ஆயினும் 2021இல் சிறு சன்னல் ஒன்று திறந்தது. ஆப்பிள் பொறி வைத்திருப்பவர் ஓர் இணைப்பை அனுப்பினால், விண்டோஸ் கணினியோ ஆண்ட்ராய்டு கைப்பேசியோ உடையவரும் உலாவி வழியாகவே அந்த உரையாடலில் சேரலாம். அவர் அமர்ந்திருப்பது கடையில் வாங்கிய கணினியா, கையால் கூட்டிய கணினியா என்று எவரும் கேட்பதில்லை. வரிசை எண் இல்லை. தாய்ப்பலகை எண் இல்லை. முகத்தையும் குரலையும் எந்தப் பொறியிலிருந்தும் ஏற்றுக்கொள்ளத் தெரிந்த நிறுவனம், நான்கு வரி எழுத்தை மட்டும் நான்கு எண் கேட்டுத் திருப்பி அனுப்புவது ஏன்?