"வெள்ளையாகுற க்ரீம்" போடுறவங்க வாசிக்க வேண்டிய இழை

1/ பீடி சுத்துற ஒரு அக்கா ஓபிக்கு வந்தாங்க. கன்னம் பூரா செம்பு நிறம், மூக்கைச் சுத்திப் பொரிப்பொரியா பரு. "மூணு வருசமா இந்த க்ரீம்தான் போடுதேன் சார். நிப்பாட்டுனா மூஞ்சி தீயா எரியுது. மெடிக்கல்ல குடுத்தாவ."

2/ டியூபை வாங்கிப் பார்த்தேன். மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின். மங்குக்கு, டாக்டர் கண்காணிப்புல, சில வாரம் மட்டும் போட வேண்டிய கலவை. இதுல மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு.

3/ ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும், அழற்சியை அமுக்கும். அதனால முதல்ல முகம் பளிச்சுனு ஆகும். மாசக்கணக்கா போட்டா தோல் மெலியும், ரத்தக்குழாய் நூல் நூலா தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும். நிறுத்துனா எரியும். எரிச்சல் தாங்காம அதையே திரும்பப் போடுவாங்க.

4/ ஏற்கனவே ரொசேஷியா இருக்குறவங்க நிலைமை இன்னும் மோசம். வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்னு நாமளே அதை ஒதுக்கி வச்சிருக்கோம். மாநிறத் தோல்ல சிவப்பு பளிச்சுனு தெரியாது. எரிச்சலும் பருவும்தான் தெரியும். "உடம்புச் சூடு"ன்னு சொல்லி அவங்க கையிலயும் இதே டியூபைக் குடுக்குறாங்க.

5/ "எல்லாம் நம்மூர் வெயில்தான் டாக்டர்"னு சொல்வீங்க. வெயில் ரொசேஷியாவைத் தூண்டும், உண்மைதான். ஆனா க்ரீமை நிறுத்துனதும் எரியுதுன்னா, வெயில் மேல பழி போடாதீங்க.

6/ 2011-ல வந்த ஆய்வு: இந்தியா முழுக்க 12 மையங்கள்ல, முகத்துல தோல் பிரச்சினைன்னு வந்த 2926 பேர்ல 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் போட்டுட்டு இருந்தாங்க. 2018-ல 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மத்திய அரசு ஷெட்யூல் ஹெச்-ல சேர்த்துச்சு. சீட்டு இல்லாம விற்கக்கூடாது. சட்டம் இருக்கு. கவுன்ட்டர்ல யாரு கேக்குறா?

7/ கடைக்காரரை மட்டும் திட்ட வரல. "எத்தனை நாள்"னு சீட்டுல எழுதாத டாக்டர்களும் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு கலர் ஆகணும்னு வாங்கிக் குடுக்குற அத்தை, சித்தியும் பொறுப்பு. மாநிறம் நோய் இல்லைங்க, அதுக்கு மருந்து எதுக்கு?

8/ இப்ப செய்ய வேண்டியது: டியூபைத் திருப்பிப் படிங்க. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு இருந்தா, அதை எடுத்துக்கிட்டே தோல் டாக்டரைப் பாருங்க. மறைக்காதீங்க, நாங்க திட்ட மாட்டோம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலயே காட்டலாம், காசு கிடையாது.

9/ நிறுத்துன முதல் சில வாரம் கஷ்டமாத்தான் இருக்கும். அதைத் தணிக்க டாக்ஸிசைக்ளின், டாக்ரோலிமஸ்னு மருந்து இருக்கு. எது, எவ்வளவுன்னு டாக்டர் சொல்வாங்க. முழுசா சரியாக மாசக்கணக்கு ஆகலாம். பயந்துபோய் பழைய டியூபை மட்டும் திரும்ப எடுக்காதீங்க.

10/ இதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. உங்க வீட்டுலயே ஒருத்தர் அந்த க்ரீம் போட்டுட்டு இருக்கலாம்.