பின் வாங்கில் உட்கார்ந்து பாருங்கள்

டீச்சர் அலுமாரியைத் திறந்து பட அட்டைகளை வெளியே எடுத்தால் எங்களுக்கு உடனே விளங்கிவிடும்: இன்னைக்கு வலயத்தில இருந்து ஆட்கள் வாறாங்க. அன்று குழுவாக உட்காருவோம், பாட்டுப் பாடுவோம், விதைகளை எண்ணுவோம். அடுத்த நாள் அட்டைகள் திரும்பவும் அலுமாரிக்குள். நாங்கள் கரும்பலகையைப் பார்த்து கொப்பியில் எழுதுவோம்.

தோட்டப் பாடசாலைகளில் படித்துவிட்டு இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் எங்களுக்கு இது பொதுவான கதை. ஆனா பழியை டீச்சர் தலையில மட்டும் போட முடியாது.

1999இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடு முழுவதும் வந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் கலந்து கற்பிக்கச் சொன்னது. ஆனால் வகுப்புக்குள் வருகிறவர் எதைப் பார்க்கிறாரோ, கற்பித்தலும் அந்தப் பக்கம்தான் சாயும். பாடக்குறிப்பு, இடாப்பு, திருத்திய கொப்பி, சுவரில் ஒட்டிய படங்கள் என்று பார்த்தால், ஆசிரியரும் அவற்றைத்தான் தயார் செய்வார். பிள்ளைக்கு விளங்கியதா என்பது எந்தக் கட்டத்திலும் வராது.

எங்க பக்கத்தில மேற்பார்வைன்னாலே ஒரு பயம். கொழுந்து மலையில் கங்காணி பின்னால் நிற்பார்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அதைப் பார்த்து லயத்தில் வளர்ந்தவர்கள்தான் இன்று எங்கள் ஆசிரியர்களில் பலர். பின்னால் ஒருவர் பைலோடு உட்கார்ந்தால் குரல் மாறத்தானே செய்யும்?

2015ஐ ஒட்டி ஆசிரிய உதவியாளர்கள் மலையகப் பாடசாலைகளுக்கு வந்தார்கள். மாதக் கொடுப்பனவு ஆரம்பத்தில் 6,000 ரூபா. பயிற்சிக்கு முன்பே வகுப்பில் நின்ற அவர்களுக்குத் தேவைப்பட்டது மார்க் போடுகிறவர் இல்லை, கூட இருந்து பார்த்துச் சொல்கிற ஒருவர்.

ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் பிள்ளைகளை அவதானிப்பார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இதைச் செய்ய ஆள் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் மாதம் ஒரு தடவை, ஒரு பாடவேளைக்கு, அதிபரோ பக்கத்து வகுப்பு டீச்சரோ படிவம் இல்லாமல் பின் வாங்கில் உட்காரலாம். இரண்டே இரண்டு பிள்ளைகளைப் பார்க்கலாம். வாய் திறந்தார்களா? எந்த இடத்தில் தொலைந்தார்கள்? இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போது அதைப் பேசினால் போதும்.

எங்கள் வகுப்பில் பின் வாங்கில் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவான். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் அவன் கொப்பிக்குச் சரி போட்டார்கள். அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்பது ஐந்தாம் தரத்தில்தான் தெரிந்தது.

அவன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.