இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் காளான்!

வாய் எரிகிறது. நாக்கில் தயிர் ஒட்டியது போல் வெள்ளைப் படலம். "உடம்புச் சூடு" என்று சொல்லி வீட்டில் விட்டுவிடுகிறார்கள். இது தவறு. பல சமயம் அதற்குக் காரணம், 'கேண்டிடா' என்ற காளான்!

இது கண்ணுக்குத் தெரியாத காளான். எங்கிருந்தோ படையெடுத்து வரும் எதிரியும் அல்ல. ஆரோக்கியமான பலருடைய வாயிலும் தொல்லை தராமல் குடியிருப்பதுதான்.

சாதுவாக இருந்தது சண்டைக்கு வருவது ஏன்?

ஒவ்வோர் உயிரிலும் 'ஜீன்'கள் உண்டு. அந்த உயிர் என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் அவற்றில் இருக்கின்றன. எல்லா ஜீன்களும் எப்போதும் வேலை செய்வதில்லை. சில தூங்கும். சமயம் வந்தால் விழிக்கும்.

சாதுவான கேண்டிடா முட்டை வடிவில் இருக்கும். சமயம் வாய்த்தால் நூல் போல நீளும். அப்போது ஒரு ஜீன் விழித்து, வாயின் உட்தோலில் ஒட்டிக்கொள்ள வழி செய்கிறது. இன்னொரு ஜீன் விழித்து, விஷம் தயாரிக்கிறது. அந்த விஷம் உட்தோலைத் துளைக்கிறது. 'கேண்டிடாலைசின்' என்ற இந்த விஷத்தைப் பற்றி லண்டன், ஜெர்மனி விஞ்ஞானிகள் 2016-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

மருந்து இல்லையா? இருக்கிறது. 1950-ல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ராச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 'நிஸ்டாடின்' மருந்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் அது பயன்படுகிறது.

ஆனால், மருந்து மட்டும் போதாது. காளானுக்கு இடம் கொடுத்தது எது என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது மீண்டும் தலைதூக்கும்.

பல் செட் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு மருந்தை வாயால் உறிஞ்சுகிறவர்கள், உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் விழுங்கக் கூடாது. வாயில் உள்ள நல்ல கிருமிகளும் அதனால் சாகும். காளானுக்குக் கொண்டாட்டம்!

சர்க்கரை வியாதியைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் காளான் பெருகும். எச்.ஐ.வி. போன்றவற்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தாலும் பெருகும். ஆகவே, பெரியவர்களுக்கு வெள்ளைப் படலம் திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. டாக்டரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்க வேண்டும்.

உள்ளே ஒளிந்திருக்கும் பெரிய வியாதியை நாக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கலாம். அதைக் கவனிப்பவர் பிழைத்துக்கொள்வார்!